எனக்காக நாத்தனார் சொன்ன சாட்சி

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபம் வராத ஆளால் என் வேலையைச் செய்யவும் முடியாது. முடிச்சூர், தாம்பரம் பக்கத்துப் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். இன்னும் வீடு எழும்பாத மனைப்பிரிவுத் தெருக்களில் காலை வேளையில் அவர்களை முன்னால் ஓட்டவிட்டு, பின் சீட்டில் நான் உட்கார்ந்துகொள்வேன். பயத்தில் எல்லாப் பெண்களும் முன்சக்கரத்தையே பார்ப்பார்கள். “தூரத்துல பாரும்மா! சக்கரம் எங்கியும் ஓடிடாது!” என்று நான் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஓட்டுகிறவள் பார்க்கத் தவறியதை அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. கண் போனால் எனக்கு வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. இது புரிந்தால் நான் ஏன் இப்படி எரிந்து விழுகிறேன் என்பதும் புரிந்துவிடும்.

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, கேட்டைப் பூட்டிக்கொண்டு போனவர் போனவர்தான். தெருவில் வீடு கட்டியவர்கள் மிச்சம் மீதியை எல்லாம் அந்தச் சுவருக்கு மேலாக வீசுவார்கள். பெயிண்ட் டப்பா, பழைய டயர், கிழிந்த தார்ப்பாய். மழை விட்டால் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி நிற்கும். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த ஊர் இது. ஏரி நிரம்பியது என்று டிவியில் சொன்னால் போதும், கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பரணில் வைக்கிற ஜனம். அப்படிப்பட்ட ஜனத்துக்கு டப்பாவில் நிற்கிற தண்ணீரைக் கண்டு பயம் வரவில்லை. நான் போய்க் கத்தினேன். “அக்காவுக்கு வேற வேலை இல்ல” என்று ஒருத்தன் சிரித்தான்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. உடம்பை அடித்துத் துவைத்துப் பிழிந்து போட்ட மாதிரி வலி. தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு வந்த ஆளிடம் யாரும் “எப்படி இருக்கே?” என்று கேட்பதில்லை. “கவுண்ட் எவ்ளோ?” என்றுதான் கேட்பார்கள். ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட் எண்ணிக்கை. அது இறங்கினால் ஊரே அழும், ஏறினால் ஊரே சிரிக்கும். போன் அடித்தால் கவுண்ட். எட்டிப் பார்க்க வந்தால் கவுண்ட். சபையிலிருந்து ஜெபிக்க வந்த சிஸ்டர்கள்கூட முதலில் கவுண்டைக் கேட்டுக்கொண்டுதான் கண்ணை மூடினார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறவனாவது யார் ஆடுகிறார்கள் என்று பார்ப்பான்.

இதில் முன்னணியில் நின்றவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை, நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. அவளுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். கெட்டவள் இல்லை. சொல்லப்போனால், நான் படுத்திருந்தபோது அவள் உழைத்த மாதிரி என் கூடப்பிறந்தவள்கூட உழைத்திருக்க மாட்டாள். காலையும் மாலையும் பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்து கொண்டுவந்து, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். ஆனால் ஒன்றை அவள் முடிவு பண்ணிவிட்டால் கடவுளே இறங்கி வந்தாலும் குறுக்கே பேசமுடியாது.

கவுண்ட் ஏற ஆரம்பித்தது. எல்லோர் முகத்திலும் சிரிப்பு என்று எழுதத்தான் ஆசை. அன்றைக்கு எனக்கு யார் முகமும் தெரியவில்லை. கண்ணை விழித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஓரத்தில் எண்கள் இருக்கின்றன, நடுவில் முட்களைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் அழுக்குத் துணி மாதிரி ஒரு கறை. தலையைத் திருப்பினால் கறையும் கூடவே திரும்பியது. ஊசி போட வந்த நர்ஸ் பெண்ணின் காதுக் கம்மல் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கு மூக்கும் வாயும் இல்லை.

“டாக்டர், நடுவுல ஒண்ணும் தெரியல. ரெண்டு கண்ணுலயும்.”

“வீக்னெஸ்மா. கவுண்ட் சூப்பரா ஏறுது பாருங்க. வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க.”

அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு டார்ச் எடுத்து என் கண்ணில் அடித்துப் பார்க்கக்கூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். அதற்குள் நாத்தனார் பக்கத்துக் கட்டில்காரருக்கு எங்கள் கவுண்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நோயிலிருந்து எழுந்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து சாட்சி சொல்வார்கள். கர்த்தர் செய்த நன்மையை நாலு பேர் அறியச் சொல்வது. நல்ல வழக்கம், நானே சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு என்னையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னால் நிற்கமுடியவில்லை. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாதா? நாத்தனார் எழுந்து போய் மைக்கை வாங்கிவிட்டாள்.

“எங்க அண்ணி மரண வாசல் வரைக்கும் போனாங்க. கவுண்ட் அதல பாதாளத்துக்குப் போயிடுச்சி. நாங்க உபவாசம் இருந்து ஜெபிச்சோம். கர்த்தர் கவுண்டை ஏத்தினார்! இன்னிக்கு பூரண சுகத்தோட உங்க முன்னாடி உக்காந்திருக்காங்க!”

சபை முழுக்க அல்லேலூயா. மேளம் வேறு. அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் தொடையில் கிள்ளினேன். நான் சந்தோஷத்தில் நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாஸ்டர் வந்து என் தலையில் கைவைத்து ஜெபித்தார். நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டைக் காலர் வரைக்கும் இருந்தது, அதற்கு மேல் அவருக்குத் தலை இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் உட்காரவைத்துச் சொன்னேன். கண் தெரியவில்லை, நடுவில் ஓட்டை, என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாத்தனார் பதறிப்போய் என் வாயைப் பொத்தாத குறைதான்.

“அண்ணி, சாட்சி சொல்லியாச்சு! இப்போ போய் கண்ணு தெரியலன்னு சபைல யார் காதுலயாவது விழுந்தா இன்னா நினைப்பாங்க? அவிசுவாசமா அறிக்கை பண்ணாதீங்க. வாயால சொன்னா அப்படியே நடந்துடும். இது வெறும் வீக்னெஸ்.”

“பூரண சுகம் உன் வாய்லதான் இருக்கு. என் கண்ணுல இல்ல!”

“ஐயோ, பாருண்ணா, மறுபடியும் சொல்றாங்க!”

என் வீட்டுக்காரர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே பெரிய கூட்டத்தை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டினால் மிக்சர் தட்டைப் பார்ப்பார். “கோவப்படாதம்மா. டென்ஷன் ஆனா கண்ணு இன்னும் மங்கும். கொஞ்ச நாள் பாப்போம்” என்றார். கொஞ்ச நாள் பார்ப்பதற்கு எனக்கு எங்கே கண் இருந்தது?

அதற்கப்புறம் வீடு வைத்தியசாலை ஆயிற்று. பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடு. கேரட்டைப் பச்சையாகக் கடி. உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய், உடம்புச் சூடு கண்ணில் ஏறியிருக்கிறது. போனைத் தொடாதே. எதிர்வீட்டு அம்மா நந்தியாவட்டைப் பூவைக் கொண்டுவந்து கண்ணில் ஒற்றச் சொன்னார். நான் குனிந்து அந்தப் பூவைத் தேடினேன். அது என் உள்ளங்கையில்தான் இருந்தது. சந்தையில் ஒரு கண்ணாடிக்கடைக்காரர் கம்ப்யூட்டரில் என் கண்ணைப் பார்த்து, வயசுதான் காரணம் என்று சொல்லி ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார். மாட்டிக்கொண்டதும் ஓட்டையைச் சுற்றியிருந்தது எல்லாம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஓட்டை அப்படியே இருந்தது. அதைச் சொன்னதற்கு, “பழகணும் மேடம், போட்டுக்கினே இருங்க” என்றார். என் கண்ணுக்குள் நடப்பது என்னைத் தவிர ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பூரண சுகம் ஆன ஆள் வேலைக்குப் போகவேண்டாமா? பாதியில் நின்ற மாணவிகள் போன் மேல் போன். அதில் ஒருத்தி எங்கள் சபைப் பெண், எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைப்பவள். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டுத் தன் வண்டியில் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. எல்லோரும் சேர்ந்து என்னை அனுப்பிவைத்தார்கள். “காத்தாட போனா கண்ணு தெளியும்” என்றாள் நாத்தனார். மனைப்பிரிவுத் தெருவில் அந்தத் தையல்காரப் பெண் முன்னால், நான் பின்னால். தெரு காலியாகத்தான் தெரிந்தது எனக்கு. “நேரா போ, ஒண்ணும் இல்ல, கொஞ்சம் முறுக்கு” என்றேன். அவள் திடீரென்று பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். வண்டி குலுங்கி நின்றது. என் மூக்கு அவள் ஹெல்மெட்டில் இடித்தது.

“அக்கா! எதிர்க்க ஆள் வந்துகினு கீறாரு! உனக்குத் தெரியல?”

தலையைப் பக்கவாட்டில் திருப்பினேன். அப்போதுதான் கறை விலகியது. பால்கேன் கட்டின சைக்கிள், அதை உருட்டிக்கொண்டு ஒரு பெரியவர். அவர் முழு ஆளாக என் ஓட்டைக்குள் இருந்திருக்கிறார். நான் இறங்கிவிட்டேன். ஆத்திரம் வந்தது பாருங்கள், அன்று அல்லேலூயா சொன்ன அத்தனை பேரையும் கொண்டுவந்து அந்த சைக்கிளுக்கு முன்னால் வரிசையாக நிறுத்தவேண்டும் போல இருந்தது. “எனக்கு உடம்பு சரியில்ல, இனிமே கிளாஸ் இல்ல” என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். அடுப்புக்கு மேலே வெள்ளை டைல்ஸ், நடுவே கறுப்புக் கோடுகள். இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு டைலையே வெறித்துப் பார்த்தேன். கோடுகள் நேராக வந்து, நடுவில் நெளிந்து, அப்புறம் காணாமல் போயின. மகளின் பழைய மார்க்கர் பேனாவை எடுத்து, கண்ணை அசைக்காமல், எங்கே காணாமல் போகிறதோ அந்த எல்லையைச் சுற்றிக் கோடு இழுத்தேன். அப்புறம் அடுத்த கண். வலது கண்ணுக்கு ஒரு பெரிய வடை அளவு, இடது கண்ணுக்கு அதில் பாதி. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“இதுக்குள்ள இன்னா இருக்கு, சொல்லுங்க.”

“இன்னா இருக்கு? டைல்ஸ் இருக்கு. தாளிச்ச எண்ணெய் தெறிச்சிருக்கு. அந்த மூலைல சின்னதா ஒரு கீறல்.”

“எனக்கு அதுல ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு அந்த இடத்துல ஒரு ஆள் இருந்தாரு. சைக்கிளோட.”

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டும் நம்பாத மனுஷன், சுவரில் வரைந்ததும் நம்பினார். போனில் அதைப் படம் பிடித்தார். தங்கைக்குக்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து போகும்போது முதுகில் குத்தலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சொட்டு மருந்து விட்டு, ஸ்கேன் எடுத்து, கட்டம் போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, எங்கே கோடு கெடுகிறது என்று வரையச் சொன்னார். வரைந்தேன். வீட்டுக்காரர் போனை நீட்டினார். டைல்ஸில் இருந்த அதே உருவம். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பி எங்களிடம் காட்டினார். விழித்திரையின் நடுவில் சின்னப் பள்ளமாக இருக்கவேண்டிய இடம் எனக்கு மேடாக வீங்கியிருந்தது.

“டெங்குக்கு அப்புறம் சிலருக்கு இது வரும்மா. எல்லாருக்கும் இல்ல. பெரும்பாலும் காய்ச்சல் விட்டு, கவுண்ட் தேறி வர்ற சமயத்துலதான் பார்வையில தெரிய ஆரம்பிக்கும். அதனால யாரும் இதை நினைக்கிறதில்ல. ஏன்மா, முன்னாடியே வந்திருக்கலாமே?”

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். மனைப்பிரிவுத் தெருவில் கத்துகிற குரல், அந்த ஏசி ரூமில்.

“முன்னாடியே சொல்லலன்னு யாரு சொன்னது? படுக்கைல இருந்தப்பவே சொன்னேன்! டாக்டர் கிட்ட சொன்னேன், இவர் கிட்ட சொன்னேன், இவர் தங்கச்சி கிட்ட சொன்னேன்! எல்லாரும் காயிதத்தைப் பாத்தாங்க, ஒருத்தராவது என் கண்ணைப் பாத்தாங்களா? கேளுங்க இவரை!”

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்புறம் மெதுவாகச் சொன்னார். சிலருக்குத் தானாகவே சரியாகும். சிலருக்கு மருந்து கொடுத்தும் கொஞ்சம் தங்கிவிடும். முன்னாடி வந்திருந்தால் முழுசாகப் போயிருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. “ஆனா உங்களுக்கு இருக்கிறது இன்னான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வண்டில ஏறியிருக்க மாட்டீங்க” என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, அடிக்கடி வந்து காட்டச் சொன்னார். தான் சொல்லும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றார்.

இடது கண் தேறிவிட்டது. வலது கண்ணில் கறை சுருங்கி ஒரு மிளகளவு நின்றுவிட்டது, போகமாட்டேன் என்கிறது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால், நான் எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அந்த எழுத்து மட்டும் இருக்காது. பக்கத்து எழுத்துகள் இருக்கும். வண்டிக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த முறை பார்க்கலாம் என்கிறார் டாக்டர். என் ஸ்கூட்டர் காலி மனைச் சுவரோரம் உறை போட்டு நிற்கிறது. பல் துலக்கும்போது தினமும் அதைப் பார்க்கிறேன், தினமும் வயிறு எரிகிறது.

மழை விட்டும் தெருவில் காய்ச்சல் விடவில்லை. ஒரு ஞாயிறு சாட்சி நேரத்தில் நானே எழுந்து போய் மைக்கை வாங்கினேன். நாத்தனார் முகம் மலர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

“எனக்காக இந்த மைக்குல ஒரு சாட்சி சொன்னாங்க. அதை நான் வாபஸ் வாங்கறேன்” என்றேன். மேளக்காரர் கையை அப்படியே வைத்துக்கொண்டார். “கர்த்தர் என்னை உயிரோட வெச்சார், அதுக்கு ஸ்தோத்திரம். ஆனா நான் பூரண சுகமா இங்க உக்காந்திருக்கல. இந்தச் சபைல ஒரு முகம்கூடத் தெரியாம உக்காந்திருந்தேன். அதைச் சொன்னா அவிசுவாசம்னாங்க. கவுண்ட் ஏறினா ரத்தம் தேறிச்சின்னு அர்த்தம், கண்ணு தேறிச்சின்னு இல்ல. காய்ச்சல் வந்து போன யாராவது நடுவுல மறைக்குது, கோடு நெளியுதுன்னு சொன்னா, வீக்னெஸ்னு சொல்லாதீங்க. ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்கச் சொல்லுங்க. அன்னிக்கே கண் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் இன்னும் விசுவாசிதான். கோவமான விசுவாசி.”

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் எழுந்து, தொண்டையைக் கனைத்து, “சிஸ்டர் சொன்னதை எல்லாரும் மனசுல வெச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னார். நாத்தனார் தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண். அன்று பிரேக் பிடித்தவள். பக்கத்தில் அவள் மகள், ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பிள்ளை.

“அக்கா, இவளுக்கும் டெங்கு வந்து இப்போதான் டிஸ்சார்ஜ் பண்ணாங்க. ஸ்கூல்ல போர்டு நடுவுல எழுத்து இல்லன்னு சொன்னா. போன் பாத்துகினே இருந்தா அப்டிதான் ஆவும்னு நான்...” பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள். “ஒரு அறை விட்டேன்கா.”

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நேராக இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் பார்த்தது. நான் அந்த மாதிரிதான் மாதக்கணக்கில் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாயைத் திட்ட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவளுக்கு யார் சொன்னார்கள்? நான்கூட அன்று அவளிடம் உடம்பு சரியில்லை என்றுதானே சொன்னேன். என் கிளாஸ் நின்றதால் அவள் வண்டி ஓட்டவும் கற்று முடிக்கவில்லை. நான் ஓட்டக்கூடாது. என் வீட்டுக்காரருக்கு அன்று கம்பெனியில் வேலை. திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் சுவரோரம் தன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“சாவி எங்க?” என்றேன்.

கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். தன் ஹெல்மெட்டை எடுத்து அந்தப் பிள்ளைக்கு மாட்டப் போனாள். “நீ போட்டுக்கோ. அதுக்கு என்னுது எடுத்துட்டு வரேன்” என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வீடு பக்கம்தான். திரும்பி வந்து பிள்ளைக்கு நானே மாட்டிவிட்டேன். கண் ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமையும் எமர்ஜென்சியில் ஆள் இருப்பார்கள், டெங்கு வந்து போனது என்று முதலில் சொல், கவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே என்று நாத்தனாரிடம் சொன்னேன். தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு வரும்படி தாயை ஒரு ஆட்டோவில் ஏற்றிப் பின்னால் அனுப்பினேன்.

“தூரத்துல பாத்து ஓட்டு!” என்று வழக்கம்போலக் கத்தினேன். தெருமுனையில் திரும்பி மறைந்தார்கள்.

சாயங்காலம் போன் வந்தது. நாத்தனார்தான். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

“அண்ணி... அதேதான். ரெண்டு கண்ணுலயும் இருக்காம். உள்ள படம் காட்டினாங்க. மருந்து ஆரம்பிச்சிட்டாங்க.” மூக்கை உறிஞ்சினாள். “டாக்டரம்மா சொன்னாங்க, நல்ல வேளை சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்கன்னு. என்னைப் பாத்து சொன்னாங்க அண்ணி. என்னைப் பாத்து.”

நடுரோட்டில் நின்று விம்மி விம்மி அழுகிறாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். அது என் வலது கண்ணில் மிளகளவு இருக்கிறது.

“அழுதுகினே வண்டி ஓட்டாத” என்றேன். “நல்லா அழுது முடிச்சிட்டு, கண்ணைத் தொடச்சிட்டு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணு.”